ஒரு சிட்டிகை சாம்பிராணி

அந்தச் சலவை ஆலையில் அவளுக்குப் 'புரொபசரம்மா' என்று பெயர் வைத்தது கேலிக்குத்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து விரல் ரேகையே தேய்ந்துபோன ஒருத்தி, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு மாலை வகுப்புக்குக் கிளம்பினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதிலும் அவள் படிக்கப் போனது தையலோ கணக்கோ கம்ப்யூட்டரோ இல்லை. 'பழங்கால மதங்களும் கிறிஸ்தவம் பரவிய விதமும்' என்ற பாடம்.

"இதைப் படிச்சா சம்பளம் ஏறுமாக்கா?" என்று நெட்டை கேட்டாள். இஸ்திரி மெஷினில் அவளுக்கு ஜோடியாக நிற்பவள். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர்.

"ஏறாது."

"சொர்க்கத்துல சீட்டு கீட்டு?"

"அதுவும் உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் வாத்தியார் சொல்றாரு."

"அப்ப எதுக்கு?"

எதுக்கு என்று அவளுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. கணக்கு வகுப்பு ஷிப்டோடு இடித்தது. மீந்து கிடந்தது இது ஒன்றுதான். கடவுளுக்கும் அவளுக்கும் இடையே பெரிய கொடுக்கல் வாங்கலும் கிடையாது. புருஷன் இறந்துபோன வருஷத்திலேயே கடவுளை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டாள். மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன, அதுதான் விஷயம்.

வகுப்பு நடந்தது சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி மேஜையில் இடிக்கும். பாடம் நடத்துபவருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். வருஷம் முழுக்க ஜலதோஷம், சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். அவள் அவரை 'சார்' என்பாள், அவர் அவளை 'அம்மா' என்பார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் சொல்கிற கதைகள் அவளை விழுங்கிவிட்டன. அந்தக் காலத்து ரோமில் கதவுக்கு ஒரு சாமி, கதவுக் கீலுக்குத் தனியாக ஒரு சாமி, பயிரில் பிடிக்கிற பூஞ்சைக்குக்கூட ஒரு சாமி இருந்ததாம். "எங்க ஆலைக்கு ரத்தக் கறைக்குன்னு ஒரு சாமி வேணும் சார்" என்று அவள் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பிறகு கிறிஸ்தவர்கள் வந்தார்கள். ராஜாக்களும் பண்டிதர்களும் பரப்பிய மதம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆரம்பத்தில் அடிமைகளும் செருப்புத் தைப்பவர்களும் கம்பளி நூற்பவர்களும் வெளுப்பவர்களும்தான் வீட்டுக்கு வீடு காதில் ஓதினார்கள் என்று சார் சொன்னார்.

"துணி வெளுக்கிறவங்களா சார்?"

"ஆமாம்மா. அப்ப சோப்பு கிடையாது. பழைய மூத்திரத்துல ஊறவச்சுக் காலால மிதிப்பாங்க."

மறுநாள் ஆலை முழுக்க இதே பேச்சு. அழுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள், "நமக்கு அந்தச் செலவும் மிச்சம், விரிப்போட சேர்ந்தே வருது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த ஆலையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடுவில் கூரை வரைக்கும் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், மூட்டைகள் வந்து இறங்கும் இடம். சுவரிலேயே பதித்த பெரிய மெஷின்கள் அந்தப் பக்கம் வாயைத் திறந்து வாங்கி, இந்தப் பக்கம் சுத்தமாகத் துப்பும். சுத்தப் பக்கத்தின் ராஜா இஸ்திரி மெஷின். ஆள் தடிமனில் இரண்டு உருளைகள், உள்ளே நீராவி. ஈர விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து வாயில் கொடுத்தால் அது இழுத்துக்கொள்ளும். விரிப்பை இழுக்கிற வாய்க்கு விரலும் ஒன்றுதான். அதனால் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் லேசாகப் பட்டாலே மெஷின் நின்றுவிடும்.

கை பட்டால் மட்டும் நின்றால் நன்றாகத்தான் இருந்திருக்கும். விரிப்பின் மடிப்புப் பட்டாலும் நின்றது. நின்று நின்று ஓடினால் அன்றைய வேலை முடியாது. "கம்பி கொஞ்சம் ஓவரா பயப்படுது, பாத்துக்கங்கம்மா" என்று மேனேஜர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். கட்டு என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவு விவரம் இல்லாதவரா மேனேஜர் ஆவார்? கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கம்பியைத் தூக்கி மேல்சட்டத்தோடு கட்டியவள் புரொபசரம்மா. அங்கே மூத்தவள் அவள்தானே. அன்றிலிருந்து தினமும் காலையில் கட்டுவாள், யாராவது பெரிய மனிதர் வந்தால் அவிழ்ப்பாள்.

அந்த மெஷினில் நின்றுதான் அவள் நெட்டைக்குப் பாடம் நடத்தினாள். ஒரு பேரரசன், நாட்டில் இருக்கிற எல்லோரும் பழைய சாமிகளுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். கிறிஸ்தவர்கள் மாட்டேன் என்றார்கள்.

"பெரிய பலி எல்லாம் வேணாம்டி. நெருப்புல ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டாப் போதும். போட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். அதிகாரிங்களே கெஞ்சுவாங்களாம், போட்டுட்டுப் போயேம்மா, புள்ளகுட்டி இருக்குல்லன்னு."

"போட வேண்டியதுதானே?"

"அதான் போடல! ஜெயிலுக்குப் போனாங்க, செத்தாங்க, போடல."

நெட்டை விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "ஒருத்தரும் போடலியா?"

"போட்டாங்க, ஏன் போடல. நெறையப் பேரு. கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் வரிசையில நின்னு போட்டாங்களாம்." புரொபசரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெக்கங்கெட்டதுங்க!"

வகுப்பிலும் இதையேதான் சொன்னாள். அடி உதை வாங்கி விழுந்தாலாவது பரவாயில்லை, அழைப்பதற்கு முன்பே ஓடினவர்களை என்னவென்று சொல்வது என்று கேட்டாள். சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த இடத்துல நின்னு பாத்தாதான்மா தெரியும்" என்றார். சாருக்கு ரத்தத்தில் சூடு இல்லை, ஜலதோஷம்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். வயது பத்தொன்பது இருக்கலாம். ஒருநாள் நெட்டை சாப்பிடப் போன நேரத்தில் புதுசு மெஷினுக்கு வந்து நின்றாள். விரிப்பின் ஓரம் சுருண்டுவிட்டது. சரிசெய்கிறேன் என்று கையை நீட்டினாள். எதிரே நின்ற புரொபசரம்மா கத்தியதும் சிவப்புப் பொத்தானை அடித்ததும் நடந்ததுதான், ஆனால் அதற்குள் உருளை அவள் வலது கையை மணிக்கட்டுக்கு மேல் வரை வாங்கிவிட்டது. அந்த வாசனையை எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு வண்டி போனபின், யாரோ கட்டை அவிழ்த்துக் கம்பியைக் கீழே இறக்கியிருந்தார்கள். அந்தத் துணித்துண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

கையை எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. கம்பி அதன் இடத்தில் இருந்ததா இல்லையா, கேள்வி அது ஒன்றுதான். இருந்தது என்றால் பெண்ணின் கவனக்குறைவு, அவளுக்கு ஒன்றும் கிடையாது. இல்லை என்றால் ஆலை ஆயுசுக்கும் அவளுக்குச் சோறு போட வேண்டும்.

மேனேஜர் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தார். யாரையும் மிரட்டவில்லை. புரொபசரம்மாவிடம் வந்தபோது குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "நீங்க மூத்தவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? கம்பி கட்டியிருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா, கட்டினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் எனக்குக் கவலை, உங்களை நெனச்சு."

அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். ஆனாலும் அன்று மாலை உடை மாற்றும் அறையில், நெட்டையைப் பார்த்ததும், உள்ளே இருந்த புரொபசர் எழுந்துகொண்டாள்.

"என்னக்கா சொல்லப்போறோம்?" நெட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அவள் புருஷன் முதுகு ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு.

"உள்ளதைச் சொல்லுவோம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா?"

"பயமா இருக்குக்கா. பேசாம எல்லாரும் சொல்றதையே சொல்லிட்டா?"

"அதான்டி அந்த ஒரு சிட்டிகை! ஆயிரத்தெழுநூறு வருஷமா நாம அவங்களைப் பத்திப் பேசறோம்னா எதனால? அந்த ஒண்ணைப் போடாததனால. நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பே?" அவளுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவு ஆவேசம். "நான் இருக்கேன்டி. மொதல்ல நான்தான் போறேன். போய், கம்பி இல்லைன்னு சொல்றேன், கட்டினதும் நான்தான்னு சொல்றேன், கட்ட வச்சது யாருன்னும் சொல்றேன். நீ என் பின்னாடி வா."

நெட்டை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "உன்னோட தைரியம் எனக்கு வராதுக்கா. ஆனா நீ போனா நான் வரேன்."

பொய்யாக அவள் எதையும் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அத்தனையும் அவள் மனதாரச் சொன்னதுதான். ஊருக்கு உபதேசம் செய்கிற நிறையப் பேர் அப்படித்தான், உபதேசம் செய்கிறபோது அது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நம்புவார்கள்.

அதிகாரி வந்தார். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சு போட்டார்கள். சொன்னபடி முதலில் புரொபசரம்மாதான் எழுந்தாள். உள்ளே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதிகாரி தலை நரைத்தவர், களைத்த முகம், அவளை 'வாங்கம்மா' என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். மேனேஜர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். டீ வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவளுக்கு டீ கொடுத்ததில்லை. வாங்கிய கோப்பையை மேஜையில் வைத்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்து, "அன்னைக்கு மெஷின்ல அந்தத் தடுப்புக் கம்பி..." என்று ஆரம்பித்தார்.

"இருந்துச்சு சார்" என்றாள் புரொபசரம்மா.

அவர் கேள்வியை முடிக்கவில்லை. அதட்டவில்லை, மிரட்டவில்லை, ஜன்னல் பக்கம் நின்றவர் இருமக்கூட இல்லை. அவள் வாய் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது. அதிகாரியே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா, போகலாம்" என்றார். டீ அப்படியே இருந்தது.

வெளியே வந்தபோது பெஞ்சில் அடுத்ததாக நெட்டை உட்கார்ந்திருந்தாள். வெளிறிப்போயிருந்தாள். புரொபசரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? நீ சொன்னதுக்கு உன்னை ஏதாவது பண்ணிடுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் சொல்லலடி, நீயும் சொல்லாதே' என்று காதோடு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சாவுக்குப் பயந்து வாயை மூடுகிறவர்களைவிட வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நெட்டை அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே நடந்தது மறுநாள் தெரிந்தது. சுத்தப் பக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜரே சொன்னார். கம்பியைக் கட்டி வைத்த ஆள் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டாள். கட்டியிருந்தது உண்மைதான் என்று சொன்ன நெட்டையிடம், யார் கட்டியது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "நான்தான்" என்றிருக்கிறாள்.

 நெட்டை ஏன் அப்படிச் சொன்னாள் என்று அங்கே இருந்தவர்களில் புரொபசரம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது. முதலில் உள்ளே போன அக்கா எல்லா உண்மையையும் சொல்லித் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அந்தப் பழியில் பாதியையாவது தான் வாங்கிக்கொள்ளலாம் என்று நெட்டை நினைத்திருக்கிறாள். தாங்கிப் பிடிக்கப் போனவள் தலையிலேயே வீடு இடிந்து விழுந்தது.

மேனேஜருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மற்ற எல்லோரும் கம்பி இருந்தது என்றார்கள், ஆகவே இவள் யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறாள், ஆகவே ஆலைமீது குற்றமில்லை. நெட்டையை அன்றே வெளியே அனுப்பினார்கள். அவள்மேல் வழக்கும் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது அப்படியே நடந்தது. புதுசின் அம்மா நெட்டை வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கூடி வேடிக்கை பார்க்க, "என் பொண்ணு கையைத் தின்னவளே, உன் புள்ளைங்க கையேந்தி நிக்கணும்" என்று சாபம் விட்டுப் போனாள். நெட்டை கதவைச் சாத்திக்கொண்டாளே தவிர, அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

புரொபசரம்மா வேலைக்குப் போனாள், வகுப்புக்கும் போனாள். போகாமல் இருந்தால் வீட்டில் தன்னோடு உட்கார வேண்டியிருந்தது. அந்த வாரம் சார் விழுந்தவர்களைப் பற்றி நடத்தினார். அடக்குமுறை ஓய்ந்ததும் சாம்பிராணி போட்டவர்கள் திரும்பி வந்தார்களாம். சபைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்கள் காலைப் பிடித்து அழுதார்களாம். சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய சண்டை. கூடவே கூடாது என்றார்கள் சிலர். வருஷக்கணக்கில் அழட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள் சிலர். ஆனால் விழாமல் நின்று சிறைக்குப் போனவர்கள் இருந்தார்களே, அவர்களிடம் போய் இவர்கள் கெஞ்ச, அவர்கள் சிறையிலிருந்தே மன்னித்துவிட்டார்களாம்.

"அவங்களுக்குத்தான் அந்த உரிமை இருந்துச்சுன்னு ஜனங்க நம்பினாங்க" என்றார் சார். "இந்த மதம் இவ்வளவு பரவினதுக்கு வீரர்கள் மட்டும் காரணமில்லைன்னு எனக்குத் தோணும். விழுந்தவங்களை மறுபடி சேர்த்துக்கலைன்னா ரொம்பக் கொஞ்சம் பேருதான் மிஞ்சியிருப்பாங்க."

அவள் கையைத் தூக்கினாள். "சார், ஒருத்தர் விழுந்ததால இன்னொருத்தர் மாட்டிக்கிட்டா? அவங்களையும் மன்னிச்சாங்களா?"

சார் யோசித்தார். "அதைப் பத்தி நான் எங்கயும் படிக்கலம்மா. உங்களுக்கு என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார், ஜலதோஷம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் நெட்டை வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. மூலையில் கட்டிலில் புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நெட்டை அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் காலர் பொத்தான்களைப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் நெட்டை பிள்ளைகளை வெளியே போகச் சொன்னாள். உட்கார் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"நான் உள்ளதைச் சொல்லலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று புரொபசரம்மா கேட்டாள்.

"மேனேஜர் சொன்னாரு, அன்னைக்கு சாயங்காலமே, எல்லாரையும் விசாரிச்சு முடிச்சதும். மத்தவங்க எல்லாம் ஒண்ணு சொல்லியிருக்கும்போது நீ மட்டும் ஏம்மா இப்படின்னு. எல்லாரும்னாரு. உன்னையும் சேத்துத்தான்."

புரொபசரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தாள். விழுந்தவர்கள் கதையைச் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று அழுததைச் சொன்னாள். சிறையில் இருந்தவர்கள் மன்னித்ததைச் சொன்னாள். நெட்டை ஒரு சட்டைக் கையை நீவியபடியே கேட்டாள். முன்பெல்லாம் கேட்ட மாதிரிதான், முழுக் கவனமாக.

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க? மன்னிச்சவங்க?"

"நெறையப் பேரு... செத்துப் போனாங்க."

"அதானே பாத்தேன்." நெட்டை சட்டையைத் திருப்பிப் போட்டாள். "சாகப் போறவங்க மன்னிச்சிடலாம்கா. மன்னிச்சிட்டுப் போயிடுவாங்க. நான் நாளைக்கும் இந்தத் தெருவுல நடக்கணும். அந்தப் பொண்ணோட அம்மா தண்ணி பிடிக்க வருவா, அவ முன்னாடி நிக்கணும்."

"என்னை அடிச்சிடு. திட்டவாவது செய்."

"எதுக்கு? அதெல்லாம் வேணாம். மன்னிப்பும் வேணாம், அழுகையும் வேணாம். ஒண்ணே ஒண்ணு பண்ணு. நாளைக்குப் போய் அந்த அதிகாரிகிட்ட உள்ளதைச் சொல்லிடு. நீ கட்டினே, கட்டச் சொல்லி சாடை காட்டினது மேனேஜர், நான் இல்லைன்னு. அந்தப் பொண்ணுக்கும் ஏதாவது கிடைக்கும். என்னாலயும் நாலு பேர் மூஞ்சியில முழிக்க முடியும்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "சொல்றியா?"

மூலையில் படுத்திருந்தவன்கூடத் தலையைத் திருப்பினான். புரொபசரம்மா வாயைத் திறந்தாள். சொல்கிறேன் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள், வழி முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேலை போயிடும்டி" என்றாள்.

 நெட்டை அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தாள்.

"ஆமாக்கா. போயிடும்" என்றாள்.